அடியை யார் தாங்குவது? பெங்களூர்ப் பட்டறையில் பிறந்த ஒரு முன்காப்பின் வரலாறு

இது சற்றே நீண்ட பதிவு. பொறுமையுடன் படிக்குமாறு வேண்டுகிறேன்.

சென்ற மாதம் பெங்களூரில் வாழும் நண்பர் ஒருவர் தம் வீட்டின் பின்புறத்துக்கு என்னை அழைத்துச் சென்றார். தகரக் கூரையின் கீழே அவருடைய தந்தையார் ஓட்டிய மகிந்திரா எஃப்.சி. பிக்கப் வண்டி நின்றிருந்தது. 1960களின் இறுதியில் சொந்தப் பயன்பாட்டுக்கெனப் பதிவு செய்யப்பட்ட வண்டி அது. இப்போது அதைச் சீரமைத்துப் பழம்பெரும் வாகனங்களுக்குரிய தனிப் பதிவைப் பெற வேண்டும் என்பது நண்பரின் விருப்பம். வண்டியின் முகத்தில் இருந்த இரும்புச் சட்டத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். தொழிற்சாலையில் பொருத்தப்பட்டதன்று, யாரோ ஒரு பட்டறைக்காரர் கையால் செய்தது. கிரில்லையும் முகப்பு விளக்குகளையும் மறைத்து நிற்கும் அதனைப் பட்டறைகளில் 'கார்டு' என்றும் 'பம்பர் கார்டு' என்றும் சொல்வார்கள். இப்பதிவில் 'முன்காப்பு' என்று குறிப்பிடுகிறேன்.

"வண்டியை முதலில் வந்த வடிவத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் இது வேண்டாதது. குஜரிக்குப் போட்டுவிடலாமா? நீங்கள் வரலாறு படித்தவர், நீங்களே சொல்லுங்கள்" என்றார் நண்பர். பெங்களூரில் குஜரி என்றால் பழைய இரும்புக்கடை.

அன்று என்னால் விடை சொல்ல இயலவில்லை. அவர் கேட்டது எடைக்கு விற்கும் இரும்பைப் பற்றிய கேள்வி போலத் தோன்றினாலும், அதற்குள் வேறு இரண்டு கேள்விகள் இருந்தன. ஒரு பொருளின் 'முதல் வடிவம்' எது என்பதை யார் முடிவு செய்வது? சாலையில் ஒரு மோதல் நிகழும்போது அந்த அடியை யார் தாங்குவது? இவ்விரண்டுக்கும் விடை தேடியதன் விளைவே இப்பதிவு.

முதலில் அந்தச் சட்டத்தையே ஓர் ஆவணமாகக் கொண்டு படித்துப் பார்ப்போம்.

கீழே ஒரு சேனல் இரும்பு. அதன்மேல் செங்குத்தாக இரண்டு ஆங்கிள்கள். அவற்றை இணைத்துக் குறுக்கே மூன்று குழாய்கள். குழாய்கள் ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாய்கள், அதாவது வீட்டுத் தண்ணீர் இணைப்புக்குப் பயன்படுபவை. நடுக்குழாயின் ஒரு முனையில் இன்றும் திருகுமரை தெரிகிறது. ஏதோ ஒரு வீட்டின் தண்ணீர்க் குழாய் வேலையில் மிஞ்சிய துண்டு அது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. சேனலில் இப்போதைய பொருத்தலுக்குத் தொடர்பே இல்லாத நான்கு பழைய துளைகள் இருக்கின்றன. அது முன்பு வேறொரு வண்டியிலோ எந்திரத்திலோ பணிபுரிந்த இரும்பு. வெல்டிங் தடங்கள் எல்லாம் ஒரே சீராக இல்லை. மேற்பகுதியில் நேர்த்தியாகவும், குனிந்து படுத்துச் செய்ய வேண்டிய கீழ்ப்பகுதியில் கரடாகவும் இருக்கின்றன. சிவப்பு ஆக்சைடு பூச்சின் மேல் மூன்று அடுக்கு வண்ணங்கள். வண்டிக்கு வண்ணம் மாறியபோதெல்லாம் இதற்கும் மாறியிருக்கிறது. நடுக்குழாயில் ஓர் உள்வளைவு இருக்கிறது. அது என்றோ வாங்கிய அடி.

இப்படி ஒரு பொருள் பிறந்ததற்கு நீண்ட முன்வரலாறு உண்டு.

ஊர்தியின் முன்னால் இரும்புக் காப்பு வைக்கும் பழக்கம் மோட்டார் வண்டிக்கு முந்தியது. 1833ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் நியூ செர்சியில் ஐசக் டிரிப்ஸ் என்னும் பொறியாளர், 'ஜான் புல்' என்ற நீராவி எஞ்சினுக்கு முன்னால் ஒரு தள்ளுசட்டத்தைப் பொருத்தினார். இங்கிலாந்தின் இருப்புப்பாதைகளுக்கு வேலி இருந்தது; அமெரிக்காவில் வேலியற்ற வெளிகளில் கால்நடைகள் தண்டவாளத்தில் வந்து நின்றன. மாட்டின் மேல் ஏறினால் எஞ்சின் தடம்புரளும். ஆகவே மாட்டை ஒதுக்கித் தள்ளுவதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டுப் பகுதிக்கு இருப்புப்பாதை வந்தது. இந்திய எஞ்சின்கள் பலவற்றின் முகத்திலும் அத்தகைய சட்டங்கள் இருந்தன. அச்சட்டம் யாருக்காக உருவானது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அது மாட்டைக் காப்பதற்கானதன்று, எஞ்சினைக் காப்பதற்கானது. முன்காப்பின் வரலாறு முழுவதிலும் இந்தக் கணக்கு மாறவில்லை.

மோட்டார் வண்டிக்கு இக்காப்பைப் பரவலாகக் கொண்டுவந்தது இரண்டாம் உலகப் போர். டாட்ஜ் நிறுவனம் அமெரிக்கப் படைக்குச் செய்த முக்கால் டன் வண்டிகளில் கிரில்லுக்கும் விளக்குகளுக்கும் முன்னால் பட்டை இரும்புக் காப்பு தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. புதர்களினூடே செல்லும்போது ரேடியேட்டர் கிழியாமல் இருப்பதற்காக. ஜீப்புக்கு அப்படி ஒன்று தரப்படவில்லை. எனவே படைவீரர்களே செய்துகொண்டார்கள். ஐரோப்பியப் போர்முனையில் சாலையின் குறுக்கே கழுத்துயரத்தில் கம்பி கட்டி வைக்கும் சூழ்ச்சி நடந்தது. முன்கண்ணாடியை மடக்கிவிட்டுச் செல்லும் ஜீப்பில் இருப்பவர் உயிருக்கே அது கேடு. களப் பட்டறைகளில் ஓர் ஆங்கிள் இரும்பைச் செங்குத்தாகப் பம்பரில் பற்றவைத்து, அதன் நுனியில் கம்பியை அறுக்கும் கொக்கியை அமைத்தார்கள். தொழிற்சாலை எண்ணிப் பாராத ஆபத்துக்குக் களத்தில் கிடைத்த இரும்பால் விடை கண்ட செயல் அது. கைவினை முன்காப்புகளுக்கெல்லாம் அதனை ஒரு முன்னோடியாகக் கொள்ளலாம்.

போர் முடிந்ததும் உபரியான இராணுவ வண்டிகள் இந்தியாவில் ஏலத்துக்கு வந்தன. 'மிலிட்டரி டிஸ்போசல்' என்ற சொல் நம் பேச்சில் நிலைத்தது அப்போதுதான். தண்டுப் பகுதியும் படைப் பயிற்சி நிலையங்களும் கொண்ட பெங்களூரில் இவ்வண்டிகளை ஓட்டத் தெரிந்தவர்களும் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்களும் ஏற்கெனவே இருந்தார்கள். அல்சூரில் நிலைகொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் தமிழர்கள் மிகுதி என்பதும், 1809இல் உருவான தண்டுப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வந்தன என்பதும் பலரும் அறிந்தவை.

இவ்வூரின் கைத்திறனுக்கு வேறொரு ஊற்றும் உண்டு. 1930களில் மோ. விசுவேசுவரய்யா இந்தியாவில் ஒரு மோட்டார் வாகனத் தொழிற்சாலையை நிறுவத் திட்டம் தீட்டினார். அதற்காக மேலைநாடுகளுக்கும் சென்று வந்தார். ஆங்கில அரசின் ஊக்கம் கிடைக்கவில்லை. பெங்களூருக்கு அத்தொழிற்சாலை வரவில்லை. அம்முயற்சியோடு தொடர்புடைய தொழிலதிபர் வால்சந்த் ஈராசந்து 1940 டிசம்பரில் மைசூர் அரசின் துணையுடன் இங்கே தொடங்கியது விமானத் தொழிற்சாலை. 1943 முதல் அது அமெரிக்க வான்படையின் மேலாண்மையில் போர் விமானங்களைச் செப்பனிடும் பெரும் பட்டறையாக இயங்கியது. பின்னர் 1948இல் தொலைபேசித் தொழிலகமும், 1953இல் எச்.எம்.டி.யும், 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸும், 1964இல் பி.இ.எம்.எல்.லும் வந்தன. கார் தொழிற்சாலை வாராத ஊரில் தகட்டை வளைக்கவும் இரும்பைப் பற்றவைக்கவும் தெரிந்த கைகள் பெருகின. பெருந்தொழிற்சாலை வாயிலுக்குள் சென்றவர்கள் ஒரு பகுதியினர். நுழைய முடியாதவர்களும் ஓய்வு பெற்றவர்களும் நகருக்குள் பட்டறை வைத்தார்கள். நகர்மன்றத்திலிருந்து தெற்கே செல்லும் ஜெயச்சாமராஜேந்திரா சாலையும், லாரிகளும் பேருந்துகளும் வந்து சேரும் கலாசிபாளையமும், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் சிவாஜிநகர்ச் சந்துகளும் அவர்களுடைய உலகம். சென்னையில் புதுப்பேட்டை எப்படியோ, இங்கே இவை அப்படி.

இனி, முன்காப்பு ஏன் இத்தனை பரவியது என்ற கேள்விக்கு வருவோம். சாலையில் மாடுகள் நின்றன, இரவில் விளக்கில்லை, பிரேக்குகள் வலுவற்றவை என்று காரணம் சொல்வது வழக்கம். இவையெல்லாம் உண்மையே. ஆயினும் இவற்றைவிட ஆழமான காரணம் பொருளாதாரத்தில் இருந்தது என்பது என் கருத்து.

ஃபோர்டு நிறுவனம் 1926இலும் ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலும் இந்தியாவில் வண்டிகளைப் பூட்டி விற்கத் தொடங்கின. உதிரிபாகங்கள் கப்பலில் வந்தன. 1953இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்ற இந்திய அரசு, உள்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் வெளியேற வேண்டும் என்று முடிவெடுத்தது. 1954க்குள் அவ்விரு நிறுவனங்களும் இங்கே தம் பணியை நிறுத்தின. நாட்டுக்குத் தேவையான கொள்கை அது என்றே நான் கருதுகிறேன். இந்திய வாகனத் தொழில் வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதற்குமுன் வாங்கப்பட்ட செவ்ரோலே, ஃபோர்டு பிக்கப்புகளும் டிஸ்போசலில் எடுத்த டாட்ஜ் வண்டிகளும் சாலையில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றின் கிரில் உடைந்தால் மாற்றுக் கிரில் இல்லை. ரேடியேட்டர் கிழிந்தால் ஈயம் வைத்து அடைக்க வேண்டும்; அதுவும் தாங்காவிட்டால் இன்னொரு வண்டி சாகும் வரை காத்திருக்க வேண்டும். உள்நாட்டில் உருவான வண்டிகளுக்கும் அந்நாளில் நீண்ட காத்திருப்பு இருந்தது.

இந்நிலையில் ஒரு வண்டிக்காரரின் கணக்கு எளிது. விளக்கு, கிரில், ரேடியேட்டர் மூன்றும் வண்டியின் முகத்தில் இருக்கின்றன. மூன்றும் கிடைத்தற்கரியவை. பழைய குழாயும் ஆங்கிளும் எளிதில் கிடைப்பவை. மாற்ற முடியாததை மாற்றக்கூடியதால் மறைப்பதே அறிவுடைமை. நடுக்குழாய் வளைந்தால் அரைநாள் கூலியில் நிமிர்த்தலாம். முன்காப்பு என்பது அந்நாளில், காப்பீட்டுப் பத்திரத்தை நம்ப முடியாதவர் இரும்பால் எழுதிக்கொண்ட காப்பீடு.

எஃப்.சி. வண்டிக்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்னும் வடிவமைப்பாளர் அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனத்துக்காக உருவாக்கி 1956இன் இறுதியில் வெளிவந்த வண்டி அது. ஜீப்பின் 81 அங்குலச் சக்கர இடைவெளியிலேயே கூடுதல் பாரமேற்றும் இடத்தைப் பெறுவதற்காக, ஓட்டுநரைத் தூக்கி முன்சக்கரங்களின் மேல் அமர்த்தினார்கள். 1960களின் நடுவில் மகிந்திரா நிறுவனம் இங்கே அதை உற்பத்தி செய்யத் தொடங்கியது. வண்டிக்கு மூக்கே கிடையாது. எஞ்சின் இருக்கைகளுக்கு நடுவே இருக்கும். ஓட்டுநரின் முழங்காலுக்கும் எதிரே வரும் லாரிக்கும் இடையில் ஒரு தகடுதான். அதில் அமர்ந்து ஓசூர்ச் சாலையில் இரவில் சென்றவர் முன்னால் ஏதாவது ஓர் இரும்பு வேண்டும் என்று எண்ணியதை அச்சம் என்று இகழ முடியாது.

அந்த இரும்பை எப்படிச் செய்தார்கள்? ஜெயச்சாமராஜேந்திரா சாலைக்குப் பின்புறச் சந்து ஒன்றில், கண்பார்வை குன்றியதால் வெல்டிங் வேலையை விட்டுவிட்டு மகனின் கடையில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் சொன்ன முறையை இங்கே தொகுத்துத் தருகிறேன். எனக்குத் தெரிந்தவரை இவ்விளக்கம் எந்தத் தமிழ் நூலிலும் இடம்பெறவில்லை.

முதலில் அளவு. வரைபடம் கிடையாது. வண்டியின் முகத்தில் அட்டையை வைத்து வெட்டிக்கொள்வார்கள். வளைவுகளுக்குக் கம்பியை வளைத்து மாதிரி எடுப்பார்கள். அடுத்து, காப்பு எங்கே பொருந்த வேண்டும் என்பது. அனுபவம் இல்லாதவர் பம்பரில் மட்டும் பற்றவைத்துவிடுவார். அடி விழுந்தால் பம்பரோடு காப்பும் மடங்கி ரேடியேட்டரிலேயே குத்தும். தேர்ந்தவர் சேசிஸின் இரு நீளச் சட்டங்களின் முனைக்குப் போவார். பம்பர் தாங்கிகளை இறுக்கும் போல்ட்டுத் துளைகளையே பயன்படுத்துவார். புதுத் துளை போட்டால் சேசிஸ் அந்த இடத்தில் விரியும் என்று அவருக்குத் தெரியும். பற்றவைக்காமல் போல்ட்டால் பூட்டுவதற்கு இன்னொரு காரணம், ரேடியேட்டரைக் கழற்ற வேண்டியபோது காப்பையும் கழற்ற முடிய வேண்டும்.

பிறகு குழாயை வளைத்தல். வெறுங்குழாயை வளைத்தால் நசுங்கும். ஆற்று மணலை வறுத்து உலர்த்திக் குழாயில் கெட்டித்து, இரு முனையிலும் மரக்கட்டை அடித்து மூடி, வளைய வேண்டிய இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, மெல்ல மெல்ல வளைப்பார்கள். "மணல் ஈரமா இருந்துச்சுன்னா ஆவி அடைச்சுக் கட்டை துப்பாக்கி மாதிரி பறக்கும், தம்பி. அதனாலதான் வறுக்கிறது" என்றார் பெரியவர். காய்ச்சுவதற்கான வாயுவும் உருளையில் வாங்கியதன்று; கார்பைடுக் கல்லைத் தண்ணீரில் இட்டுத் தாங்களே உண்டாக்கியது.

சட்டத்தை முழுதாகப் பற்றவைப்பதற்கு முன் ஆங்காங்கே புள்ளி வைத்துப் பிடித்து, வண்டியில் மாட்டிப் பார்ப்பார்கள். பானெட் திறக்கும் வண்டியானால் தடையின்றித் திறக்கிறதா, விளக்கொளி குழாயில் பட்டுச் சிதறுகிறதா, ரேடியேட்டருக்குக் காற்று போகிறதா என்று பார்ப்பார்கள். முன்புறம் கைப்பிடியைச் செருகிச் சுழற்றிக் கிளப்பும் பழைய ஜீப்புகளில், கைப்பிடி நுழைவதற்கு நடுவில் இடம் விட்டாக வேண்டும். பழைய காப்புகள் சிலவற்றின் நடுவே காரணமின்றிக் காணப்படும் இடைவெளியைப் பார்த்து, அழகுக்காக விட்டது என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். பேட்டரி இறங்கிய காலை வேளைகளின் நினைவு அது.

இத்திறனுக்கு ஒரு விலையும் இருந்தது. ஜி.ஐ. குழாயின் மேல் துத்தநாகப் பூச்சு உண்டு. பற்றவைக்கும் சூட்டில் அது ஆவியாகி வெண்புகையாக எழும். அதைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். ஓரிரு நாளில் தணியும். மருத்துவத்தில் உலோகப் புகைக் காய்ச்சல் என்று இதற்குப் பெயர். பூச்சைத் தேய்த்து நீக்கிவிட்டுப் பற்றவைப்பதே முறை. ஆனால் தேய்ப்பதற்கு நேரம் பிடிக்கும். கூலி வேலைக்குத்தான், நேரத்துக்கன்று. "ஒரு டம்ளர் பால் குடிச்சா சரியாப்போகும்னு முதலாளி வாங்கித் தருவார்" என்றார் பெரியவர். பால் அப்புகையை முறிக்காது. ஆனாலும் பல பட்டறைகளில் அந்நாளில் இருந்த தொழிற்பாதுகாப்பு அந்த ஒரு டம்ளர் பாலே. நண்பரின் வீட்டுச் சட்டத்தில் துத்தநாகம் தேய்க்கப்படாமலேயே பற்றவைத்திருக்கும் இடங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது, அன்றிரவு யாரோ ஒருவர் போர்வைக்குள் நடுங்கியிருப்பார் என்ற எண்ணம் எழுகிறது.

இதுவரை எழுதியதைப் படித்தால், இச்சட்டத்தை மீண்டும் வண்டியில் பூட்ட வேண்டும் என்று நான் வாதிடப்போவதாகத் தோன்றலாம். அப்படியன்று. இந்த வரலாற்றுக்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது.

மோதலின் ஆற்றல் எங்கும் மறைந்துவிடாது. யாராவது அதை வாங்கியாக வேண்டும். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். பழைய வண்டியில் அந்த அடி உறுதியான சேசிஸின் வழியே ஓட்டுநரைச் சென்றடைந்தது. பேலா பாரேனி என்னும் பொறியாளர் மெர்சிடிஸ் நிறுவனத்தில் இதற்கு மாற்று கண்டார். வண்டியின் முன்பகுதியே நசுங்கி அடியை உண்ண வேண்டும், நடுப்பகுதி நசுங்கலாகாது என்பது அவருடைய கருத்து. 1952இல் காப்புரிமை பெற்ற அக்கருத்து 1959இல் உற்பத்தி வண்டியில் இடம்பெற்றது. இன்றைய கார்கள் யாவும் அக்கொள்கையின்படி அமைந்தவை. அவற்றின்மேல் முன்காப்பைப் பூட்டினால், நசுங்க வேண்டிய பகுதி நசுங்காது. காற்றுப்பை விரிய வேண்டிய கணமும் பிறழலாம். தாத்தாவின் ஜீப்புக்குப் பொருந்திய அறிவு பேரனின் காருக்குப் பொருந்தாமல் போனது இப்படித்தான். 1990களுக்குப் பின் பளபளக்கும் எஃகுக் குழாய்களாகக் கடைகளில் விற்கப்பட்ட முன்காப்புகளில் பழைய தேவை எதுவும் இல்லை. பழைய தோற்றம் மட்டுமே இருந்தது.

எஃப்.சி. போன்ற பழைய வண்டிக்கு நசுங்கும் பகுதியும் இல்லை, காற்றுப்பையும் இல்லை. ஆகவே அந்த வாதம் அதற்குப் பொருந்தாது என்று சிலர் சொல்லக்கூடும். உள்ளே இருப்பவரைப் பொறுத்தவரை அது சரியே. வெளியே நடப்பவரைப் பொறுத்தவரை சரியன்று. தட்டையான தகடு மோதினால் அடி பரவும். ஒன்றரை அங்குலக் குழாய் மோதினால் அதே அடி ஒரு கோட்டில் குவியும். பெரியவர்க்கு அது இடுப்பின் உயரம். குழந்தைக்குத் தலையின் உயரம். ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் முன்காப்புகளுக்கெனத் தனி நெறிமுறை வகுத்து, நடப்பவருக்கு விளையும் காயத்தை அளந்து சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது இதனால்தான். இந்தியச் சாலைகளில் 2022ஆம் ஆண்டில் 1,68,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். இருசக்கர வண்டியில் சென்றவர்களையும் சேர்த்தால் பாதிக்கு மேல். முன்காப்பின் உள்பக்கம் இருப்பவர்களைவிட வெளிப்பக்கம் இருப்பவர்களே மிகுதி.

இதில் ஒரு கசப்பான உண்மையும் உண்டு. அக்காப்பைச் செய்த பட்டறைத் தொழிலாளி வேலை முடிந்து நடந்தோ மிதிவண்டியிலோதான் வீடு திரும்பினார். தாம் செய்த காப்பின் உள்பக்கத்தில் அமரும் வாய்ப்பு அவருக்கு இருந்ததில்லை.

சட்டம் தாமதமாகவே விழித்தது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அதனைச் சுட்டிக்காட்டி, முன்காப்புகள் பொருத்துவது விதிமீறல் என்றும் நடவடிக்கை எடுக்குமாறும் 2017 டிசம்பரில் ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றலாகாது என 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அவ்வாண்டுத் திருத்தம், இசைவற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தண்டம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என வகுத்தது.

2021 சூலையில் பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனி விதிகள் வந்தன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் தனிப் பதிவெண் கிடைக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, செப்பனிடல் போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம். முக்கியமான நிபந்தனை, வண்டி அதன் முதல் வடிவத்தில் பேணப்பட்டிருக்க வேண்டும். சேசிஸிலும் உடற்கூட்டிலும் எஞ்சினிலும் பெரும் மாற்றம் இருத்தலாகாது.

நண்பரின் கேள்வி இந்த 'முதல் வடிவம்' என்ற சொல்லில்தான் வந்து நிற்கிறது. விதி குறிப்பது தொழிற்சாலை வாயிலைக் கடந்த நாளில் வண்டி இருந்த வடிவத்தை. சாலைப் பாதுகாப்புக்கும் பதிவுக்கும் அந்த வரையறை போதும். அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் வரலாற்றுக்கு அது போதாது. தொழிற்சாலையில் அவ்வண்டி கழித்தது சில நாள்கள். சாலையிலும் பட்டறையிலும் கழித்தது ஐம்பது ஆண்டுகளுக்கு மேல். புரூக்ஸ் ஸ்டீவன்ஸின் பெயர் நூல்களில் இருக்கிறது. மணலை வறுத்துக் குழாயை வளைத்து, புகையை விழுங்கிச் சட்டத்தைச் செய்தவரின் பெயர் பதிவுப் புத்தகத்திலும் இல்லை, ரசீதிலும் இல்லை. முதல் வடிவத்துக்கு மீட்கிறோம் என்று சொல்லி நாம் சுரண்டி எறிவது பெரும்பாலும் இத்தகையோரின் கைத்தடங்களை.

ஆகவே நண்பருக்கு நான் சொன்ன விடை இது. முன்காப்பை வண்டியில் மீண்டும் பூட்ட வேண்டாம். அது தாங்கிய அடிகளுக்கு நன்றி சொல்லலாம். இனி அது பிறர்மேல் தள்ளக்கூடிய அடிக்கு நாம் காரணமாக வேண்டாம். ஆனால் குஜரிக்கும் போட வேண்டாம். அங்கே அதற்குக் கிடைப்பது எடைக்கான விலை மட்டுமே. அதைத் தேய்த்துப் புது வண்ணம் பூசவும் வேண்டாம். மூன்று அடுக்கு வண்ணமும் திருகுமரையும் வளைந்த நடுக்குழாயும் அப்படியே இருக்கட்டும். வண்டி நிற்கும் கொட்டகைச் சுவரில் மாட்டுங்கள். பக்கத்தில் ஓர் அட்டையில், அளவுகளையும், தந்தையார் எந்த ஆண்டு எந்தச் சந்தில் செய்வித்தார் என்பதையும், நடுக்குழாய் எதனால் வளைந்தது என்பதையும் வீட்டில் மூத்தவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள்.

நண்பர் தம் தாயாரிடம் கேட்டார். வளைவின் கதை தாயாருக்கு நினைவிருந்தது. ஒசகோட்டைக்கு அப்பால் ஒரு மழைநாள் இரவில், ஒடிந்து சாலையில் கிடந்த புளியமரக் கிளையில் மோதியதாம். ரேடியேட்டர் தப்பியதால் விடியுமுன் வீடு வந்து சேர்ந்தார்களாம். அன்று வண்டியில் மூன்று மாதக் குழந்தையாக இருந்தவர் நண்பர்தான். அவருக்கே இச்செய்தி இப்போதுதான் தெரிந்தது. சட்டம் இப்போது சுவரில் இருக்கிறது.

இப்பதிவைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெங்களூரிலோ கோலார் தங்கவயலிலோ ஓசூரிலோ உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பட்டறையில் வேலை செய்திருந்தால், அவர்கள் செய்த பொருள்களைப் பற்றி இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஜீப், பிக்கப் வண்டிகளின் முன்னால் குடும்பமாக நின்று எடுத்த ஒளிப்படங்கள் பல வீடுகளில் இருக்கும். நாம் அவற்றில் மனிதர்களின் முகங்களையே பார்த்துப் பழகியிருக்கிறோம். ஒருமுறை வண்டியின் முகத்தையும் பாருங்கள். அங்கே ஒரு காப்பு தெரிந்தால், அதைச் செய்தவர் யார் என்று கேட்டுப் பெயரைப் படத்தின் பின்புறம் எழுதி வையுங்கள். வரலாற்று மாணவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது.